ஓர்டினரி என்னும் ஒரு சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

மொழியைப் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் எம்மைப் பணித்தார். மொழி என்பது பெருங்கடல். இருபத்தைந்து நிமிடத்தில் அதை நீந்திக் கடப்பதாகச் சொல்ல எமக்குத் துணிவில்லை. ஆகையால் ஒரேயொரு சொல்லை எடுத்துக்கொண்டோம். அது தமிழ்ச் சொல்லுமன்று. ‘ஓர்டினரி’ என்னும் ஆங்கிலச் சொல். இந்து வாலிபர் மேடையில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று முன்வரிசைப் பெரியவர் யாரேனும் முகஞ்சுளித்தால், சற்றுப் பொறுத்தருள வேண்டுகின்றோம். அந்தச் சொல் நம்மைக் கேளாமலே நமது லயத்துக்குள் புகுந்து நெடுங்காலம் ஆகிவிட்டது.

“பிள்ளை இந்த வருஷம் ஓ.எல்.” என்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் எத்தனை தாய்மார் பெருமையோடும் பயத்தோடும் சொல்லக் கேட்கிறோம்! அந்த ‘ஓ’ என்னும் எழுத்துத்தான் ஓர்டினரி. 1951ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய ஒரு பரீட்சையின் பெயர் அது. அங்கே 1980களின் பிற்பகுதியில் அப்பெயரைக் கைவிட்டு வேறு பரீட்சை வைத்துவிட்டார்கள். நாம் கைவிடவில்லை. 1970களில் நமது நாட்டிலும் ஒருமுறை அதை மாற்றித் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ் என்று வைத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளே அது நின்றது. பழைய பெயர் திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்துகொண்டது. தமிழில் சாதாரண தரம் என்கிறோம். பெயர் சாதாரணந்தான், ஆனால் அதிலே சித்தியடையாத பிள்ளைக்கு மறுநாட் காலை என்ன காத்திருக்கிறது என்பதைத் தோட்டத்திற் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொழும்பில் ஒரு கடை, அல்லது யாரோ வீட்டில் சமையலறை, அல்லது தகப்பனுடைய பால்வெட்டுக் கத்தி. அரசாங்க வேலைக்கான விளம்பரம் எதை எடுத்துப் பார்த்தாலும் முதல் வரி அந்தச் சாதாரணத்தையே கேட்கிறது.

மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்ற நாட்களில் இச்சொல்லுக்கு நமக்குச் சொல்லித்தந்த பொருள், ‘விசேஷமற்றது’ என்பது. பொருள் சரியே. ஆனால் சொல்லுக்கும் பிறப்பு வளர்ப்பு உண்டல்லவா? ஆங்கிலேயர் இதை இலத்தீனிலிருந்து பெற்றார்கள். இலத்தீனில் ‘ஓர்டோ’ என்றால் வரிசை, நிரை. தறியிலே பாவு நூலை நிரைத்து வைப்பதைக் குறிக்கும் சொல்லோடு அதற்கு உறவு உண்டென்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். அந்த ஓர்டோவின் குடும்பத்திலே ஓர்டர் என்பது ஒரு பிள்ளை. ஓர்டினன்ஸ், அதாவது கட்டளைச் சட்டம், இன்னொரு பிள்ளை. ஓர்டினரி மூன்றாவது பிள்ளை. ஆகவே ஓர்டினரி என்பதன் ஆதிப்பொருள் தாழ்ந்தது என்பதன்று, மட்டமானது என்பதுமன்று. நிரையிலே நிற்பது, ஒழுங்கின்படி அமைந்தது என்பதே.

நிரை என்னும் சொல்லை உங்களுக்கு நாம் விளக்க முற்பட்டால் அது கொல்லத் தெருவில் ஊசி விற்பதாகும். மலையிலே கொழுந்தெடுக்கும் தாய்மார்களுக்குக் கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பதும், ‘என் நிரை’, ‘உன் நிரை’ என்று அவர்கள் பேசிக்கொள்வதும், பிந்தியவளுடைய நிரையில் முந்தியவள் இறங்கிக் கைகொடுப்பதும் நாள்தோறும் நடப்பவை. இறப்பர் மரங்களும் நிரையாகவே நிற்கின்றன. வீடுகளும் நிரையே, ஆங்கிலத்து ‘லைன்’ அல்லவா நமது வாயில் லயம் ஆயிற்று? வேலையும் நிரையில், வீடும் நிரையில். இலத்தீன் கற்ற ஒருவன் வந்து பார்த்தால், உலகத்தில் இவர்களைவிட ஓர்டினரியானவர் யார் என்று கேட்பான்! நடந்த கதை வேறு. அதற்குச் சற்று நேரத்தில் வருவோம்.

ஆங்கிலேயர் இந்தச் சொல்லை எப்படியெல்லாம் ஆண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது வேடிக்கையானது. அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்ப்போருக்கு ‘இன் ஓர்டினரி’ என்ற பட்டம் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஏதோ சாதாரண வைத்தியர் என்பது பொருளன்று. நிலையான நியமனம் பெற்றவர் என்பது பொருள். கப்பலிலோ நேர்மாறு: ஓர்டினரி மாலுமி கீழ்ப்படி, தேர்ந்த மாலுமி மேற்படி. முற்காலத்துச் சத்திரங்களிலே குறித்த வேளையில் குறித்த விலைக்கு வருவோர்க்கெல்லாம் ஒரே மேசையில் இட்ட உணவுக்கும் ஓர்டினரி என்றே பெயர். முன்சில்லு ஆளுயரமும் பின்சில்லு சாணளவுமாக ஒரு பழைய சைக்கிளின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்று நாம் ஓட்டும் மாதிரியான பத்திரமான சைக்கிள் வந்த பின்னர், அந்த விநோத வாகனத்தைத்தான் ஓர்டினரி என்று அழைத்தார்கள். ஏறினால் தலைகுப்புற விழவேண்டிய வண்டிக்கு அந்தப் பெயர் வரக் காரணம், அது முன்பே எல்லாருக்கும் பழகியிருந்தது என்பதுதான். பழகிவிட்டால் எதுவும் சாதாரணம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழுந்ததும் அப்படித்தான் சாதாரணமாயிற்று.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆண்டிலும் ஓர்டினரி காலம் என்று ஒன்று இருப்பதை மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள் அறிவார்கள். தமிழில் அதைப் பொதுக்காலம் என்று அழகாகச் சொல்கிறார்கள். நத்தாரும் இல்லை, தவக்காலமும் இல்லை. முதலாம் வாரம், இரண்டாம் வாரம் என்று எண்ணிக்கொண்டு போகிற காலம். ஆண்டின் பெரும்பகுதி அதுவே. ‘பொது’ என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தில்லை நினைவு வரவேண்டும். கூத்தபிரான் ஆடும் அம்பலத்தைப் பொது என்றுதானே நம் முன்னோர் அழைத்தார்கள்?

இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிபதிகளும் 2009ஆம் ஆண்டுவரை ‘லோர்ட் ஒப் அப்பீல் இன் ஓர்டினரி’ என்னும் பட்டத்தையே தாங்கியிருந்தார்கள். வைத்தியருக்குச் சொன்னதுபோலவே, நிலையாக நியமனம் பெற்றவர் என்பது கருத்து. அப்பட்டம் தாங்கிய ஒருவர் 1953ஆம் ஆண்டில் வாசித்த தீர்ப்பொன்று நமது சப்பிரகமுவாவைச் சேர்ந்த வழக்கொன்றைப் பற்றியது. அதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். ஏனெனில் எமது வயதினருள் இதனைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே.

1931, 1936, 1947 ஆகிய ஆண்டுத் தேர்தல்களில் தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இந்நாட்டிலே பிறந்தவன், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கே வாக்கு என்றாயிற்று. அப்பொழுது கோடக்கன்பிள்ளை என்பவர் கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பிலே தமது பெயரைச் சேர்க்கும்படி விண்ணப்பித்தார். உதவிப் பதிவதிகாரி மறுத்தார். மீளாய்வு அதிகாரியான சிவஞானசுந்தரம் அவர்களோ, பெயரைச் சேர்க்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அன்றிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தாரின்மேல் சுமத்தும் சட்டம் செல்லாது என்று கூறியது. அதைப் பற்றிக்கொண்டே அவர் அப்படித் தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. வழக்கு கடல் கடந்து இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சிலுக்குப் போயிற்று.

அங்கே தீர்ப்பை வாசித்தவர் ஓக்ஸி பிரபு. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் நூரம்பேர்க் நகரில் ஜெர்மன் நாஜித் தலைவர்களை விசாரித்த நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. தன் பிரஜைகள் யார் என்று வரையறுப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான வேலை. வசிப்பும் பிறப்பும் அதற்கு அளவுகோலாக வைக்கத் தக்கவையே. இது ஒரு சமூகத்தைக் குறிவைத்த தடை ஆகாது என்பது முடிவின் சாரம். சட்டம் பயில்வோர் இன்றும் அத்தீர்ப்பைப் பற்றி வாதிடுகிறார்கள். அவர்கள் வாதிடட்டும். எம் மனத்தில் நிற்பது வேறொன்று. கோடக்கன்பிள்ளை கேட்டது என்ன? மந்திரிப் பதவியா? மானியமா? ஒரு தாளிலே ஊராருடைய பெயர்கள் நிரையாக எழுதப்பட்டிருந்தன. அந்த நிரையிலே என் பெயரையும் எழுதுங்கள் என்றார். இலத்தீன் பொருளின்படி பார்த்தாலும், தமிழ்ப் பொருளின்படி பார்த்தாலும் இதைவிடச் சாதாரணமான ஒன்றை மனிதன் கேட்க முடியாது.

பின்னே நடந்ததைச் சுருங்கச் சொல்வோம். பெரியோர்கள் அதனுள்ளே வாழ்ந்தவர்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின; ஏற்கப்பட்டவர்கள் 1,34,000 பேரளவில். கலியாணமானவர் 1946 ஜனவரிக்கு முன் ஏழு ஆண்டும், ஆகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. கிராமத்து மனிதனிடம், நீ இங்கே வாழ்ந்தாயா என்று யாரும் சான்று கேட்டதில்லை. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடுதான் நாடற்றவர் என்ற பெயர் நீங்கிற்று. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டு. சாதாரணம் ஆவதற்கு அத்தனை காலம்!

ஓர்டினரியின் உடன்பிறப்பான ஓர்டினன்ஸையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிடலாம். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொழிலாளி யார் என்பதற்கு வரைவிலக்கணம் கூறும்போது, இந்தியக் கூலிகள் என்று பொதுவாக அழைக்கப்படுவோர் என்று எழுதிற்று. பொதுவாக அழைத்தவர் யார்? தமிழில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கும் பணம். பணத்தின் பெயர் மனிதன்மேல் ஏறிக்கொண்டது. சட்டப் புத்தகம் அதைப் பொது வழக்கு என்று எழுதிவைத்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும் ஓர்டினன்ஸ் நமக்கு நிறையக் கிடைத்தது, ஓர்டினரிதான் கிடைக்கவில்லை.

இனி நமது சாதாரணத்துக்கு வருவோம். இது வடசொல். ‘த்ரு’ என்னும் தாங்குதற் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. தர்மம், ஆதாரம், தாரணை எல்லாம் அவ்வேரிற் பிறந்தவையே. ஒரே தாங்குதலை உடையது, பலருக்கும் ஒத்த ஆதாரமாய் இருப்பது சாதாரணம். அதனாலேயே தர்ம நூலார், இன்னாருக்கு இன்ன கடமை என்று பிரித்துச் சொன்ன விசேஷ தர்மத்துக்கு வேறாக, மனிதராய்ப் பிறந்த எல்லாருக்கும் உரிய கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, தூய்மை, புலனடக்கம் ஆகியவற்றைச் சாதாரண தர்மம் என்றார்கள். அங்கே சாதாரணம் என்பது மட்டமானது என்றா பொருள்படும்? சங்கீதத்திலும் சாதாரண காந்தாரம் என்று ஒரு சுரம் உண்டு. தோடியிலே வரும் அந்தக் காந்தாரம் சாதாரணமானதா என்று நமது கோயில் திருவிழாவுக்கு வரும் நாதஸ்வர வித்துவான் எவரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். அறுபது வருஷப் பெயர்களுள்ளும் நாற்பத்து நான்காவது வருஷத்துக்குச் சாதாரண என்றே பெயர். 1970 சித்திரையில் பிறந்தது அது. இனி 2030இல் மீண்டும் வரும்.

இங்கேதான் நாம் வாழும் மாகாணத்தின் சிறப்பு ஒன்று இருக்கிறது. நமது தோட்டத்து எல்லைக் கம்பிக்கு அப்பால் சிங்களக் கிராமம். ஒரே கடை, ஒரே பஸ், ஒரே ஆஸ்பத்திரி. சிங்களத்திலும் இந்தச் சொல் உண்டு. ஆனால் அங்கே அது வேறு வாழ்க்கை வாழ்கிறது. நாம் சாதாரணம் என்று சொல்ல நினைக்கும் இடத்தில் அவர்கள் ‘சாமான்ய’ என்பார்கள். நமது சாதாரண தரம் அவர்களுக்குச் சாமான்ய பெள. அவர்கள் ‘சாதாரண’ என்றால் அதற்கு நியாயமானது, பாரபட்சமற்றது என்று பொருள். ‘அசாதாரண’ என்றால் அநியாயம்! நம் வாயில் அசாதாரணம் என்பது வழக்கத்துக்கு மாறானது, சில வேளை வியக்கத்தக்கது. களுகங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கும்போதெல்லாம் தமிழ்ப் பத்திரிகைகள் ‘அசாதாரண காலநிலை’ என்று தலைப்பிடுகின்றன. 2003 மே மாதத்து வெள்ளத்தையும் 2017 மே மாதத்து மண்சரிவையும் கண்ட சிங்கள நண்பர் ஒருவர் காதில் அத்தலைப்பு விழுந்தால், காலநிலை அநியாயம் செய்கிறது என்று பொருள் கொள்வார். அப்படிக் கொண்டால் தவறென்று சொல்ல எமக்கு வாய் வராது.

ஒரே வேர்ச்சொல் கம்பிக்கு அந்தப் பக்கம் நியாயமாகவும், இந்தப் பக்கம் அற்பமாகவும் நிற்கிறதே, ஏன் என்று நாம் பலநாள் யோசித்ததுண்டு. எல்லாருக்கும் ஒத்தது என்னும் பழம்பொருளிலிருந்துதான் இரண்டும் புறப்பட்டன. எல்லாருக்கும் ஒத்ததுதானே நியாயம் என்று சிங்களம் போயிற்று. எல்லாரிடமும் உள்ளதற்கு மதிப்பேது என்று தமிழ் போயிற்று. இவ்வொரு சொல்லைப் பொறுத்தமட்டில் நமது அயலார் மூலப்பொருளுக்கு நெருக்கமாக நிற்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவொன்றுமில்லை. 29ஆம் பிரிவு கேட்டதும் அந்தச் சாதாரணத்தைத்தான்.

இன்று நாம் இச்சொல்லை எங்கெங்கே சந்திக்கிறோம்? பரீட்சைப் பெறுபேற்றிலே ‘எஸ்’ என்பது சாதாரண சித்தி. முப்பத்தைந்து புள்ளியின் கரை. வெள்ளிக்கிழமை தோறும் வருவது சாதாரண வர்த்தமானி. அதிலே வேலை வாய்ப்பு வரும். எந்த நாளிலும் வரக்கூடியது அதி விசேஷமானது. அதிலே அவசரகாலச் சட்டமும் வரும், 2021 மார்ச்சிலே வந்ததுபோல ஆயிரம் ரூபாய்ச் சம்பளமும் வரும். அரைச் சொகுசு பஸ்ஸுக்கு ஒரு கட்டணம், சாதாரண பஸ்ஸுக்கு ஒரு கட்டணம். நமது மலைப்பாதைக்கு முன்னையது வருவதில்லையாதலால் அந்தக் கவலை இல்லை. கொம்பனிகளிலே சாதாரணப் பங்கு என்று ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவனுக்குக் கூட்டத்திலே வாக்கு உண்டு. ஆனால் கொம்பனி முறிந்தால் எல்லாருக்கும் கொடுத்த பிறகே அவனுக்கு மிச்சம். 1990களிலே தோட்டங்களைக் கொம்பனிகளிடம் ஒப்படைத்தபோது பத்திலொரு பங்கைத் தோட்டத்து ஊழியருக்கென்று கொடுத்தார்கள். அரசாங்கம் தனக்கென வைத்துக்கொண்டதற்குப் பெயர் தங்கப் பங்கு!

தபாற்கந்தோரிலே ஒரு புதுமை. சாதாரணத் தபாலைவிடப் பதிவுத் தபாலுக்குக் காசும் கூட, கௌரவமும் கூட. பிரஜாவுரிமையிலோ தலைகீழ். வம்சாவழிப் பிரஜை என்றும் பதிவுப் பிரஜை என்றும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வகுத்தது. அங்கே பதிவு என்றால் ஒருபடி கீழ். நமது பாட்டன்மாருட் பலர் பெட்டியின் அடியிலே பத்திரமாக வைத்திருந்தது அந்தப் பதிவுப் பத்திரத்தைத்தான். பிரஜாவுரிமை எந்த வழியால் வந்தது என்று பார்த்து வேறுபாடு காட்டலாகாது என்று இன்றைய 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு சொல்கிறது. இளைஞர்கள் அப்பிரிவின் இலக்கத்தை மனனம் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றையெல்லாம்விட எமக்கு உறுத்துவது வேறொரு வழக்கு. ஆஸ்பத்திரியிலோ, பிரதேச செயலகத்திலோ, வங்கியிலோ நமது தாய்மாரை ஏதாவது கேட்டால் பதிலுக்கு முன்னே ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது: “நாங்க சாதாரண ஆளுங்க, எங்களுக்கு என்னங்கய்யா தெரியும்?” பெரியோர்களே, நாம் குற்றம் சொல்ல வரவில்லை. அந்த வாக்கியம் ஒரு குடை. மழை பெய்த காலத்தில் அதைப் பிடித்துத்தான் தப்பி வந்தீர்கள். ஆனால் அதே குடையை நாமும் பிடிக்கிறோமே! பல்கலைக்கழகத்திலே புதிதாய் அறிமுகமானவர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், “சும்மா, ஓர்டினரி வேலைதான்” என்று ஆங்கிலத்தைக் கலந்து முடித்துவிடுகிற தோழர்கள் நம்முள் உண்டு.

பால்வெட்டு ஓர்டினரி வேலையா? இறப்பர் மரத்துப் பட்டையிலே பால் ஓடும் குழாய்கள் மிகுதியாக இருப்பது உள்ளோரத்தில். அதற்கும் உள்ளே, மரம் புதுப்பட்டை வளர்க்கும் மெல்லிய படை ஒன்று இருக்கிறது. கத்தி அந்தப் படையைத் தொட்டால் காயம்; புதுப்பட்டை முண்டுமுண்டாக வளரும், பின்னர் அங்கே வெட்ட முடியாது. தொடாமல் மிகவும் விலகினால் பால் வராது. நடுவிலே விடவேண்டியது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். அளவுகோல் இல்லை, வெளிச்சமும் விடியற்காலத்து அரைவெளிச்சம், ஏனெனில் வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். சீவும் பட்டை தகடுபோல மெல்லியதாக இருக்க வேண்டும். வெட்டு மரத்தைச் சுற்றிப் பாதி வட்டம், முப்பது பாகைச் சரிவில். ஒரு மரத்துக்குச் சில விநாடிகளே. இப்படி ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்கள். எமது பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே ஒரு மில்லிமீற்றரை அளக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் கருவி வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவியைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு எட்டியாந்தோட்டையும் தெரணியகலையும் நினைவு வரும்.

இதைக் கேட்டதும், ஆம் ஆம், நம் மக்கள் அசாதாரணமானவர்கள் என்று கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கைதட்டலும் நமக்குப் பழையது. நாட்டின் முதுகெலும்பு என்று மேடைகளில் எத்தனை முறை கேட்டாயிற்று! முதுகெலும்பு என்று புகழப்படுகிறவனுடைய முதுகில்தான் மூட்டை ஏறுகிறது. புகழ்ச்சியின் உயரத்திலும் வேண்டாம், ‘என்னங்கய்யா தெரியும்’ என்ற பள்ளத்திலும் வேண்டாம். நடுவிலே, ஊரார் நிற்கிற நிரையிலே, ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் எதனால் ஆனது என்று கேட்டால் மிகச் சிறிய பொருள்களைத்தான் காட்ட முடியும். ஒன்று, விலாசம். கிராமத்து வீட்டுக்கு இலக்கம் உண்டு. தபாற்காரர் படலையடியில் மணியடிப்பார். தோட்டத்துக்கு வரும் கடிதமோ பெரும்பாலும் தோட்டத்தின் பெயருக்கு வருகிறது. கந்தோர்ப் பையிலே வந்து, கந்தோரிலே தங்கி, யாராவது லயத்துப் பக்கம் போகும்போது போகிறது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கழிந்து கைக்கு வந்த கதை இந்த மண்டபத்திலேயே பலரிடம் இருக்கும். மற்றொன்று, பாதையும் குழாயும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டத்துக்குள்ளே தன் பணத்தைச் செலவிடப் பிரதேச சபைக்குத் தடை இருந்தது. வாக்கை வாங்கிய சபைக்கு வாக்களித்தவன் வாசலுக்குக் கல் பரப்ப அதிகாரமில்லை! 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. இப்பொழுது சபை செலவிடலாம். ‘செலவிடலாம்’ என்பதற்கும் ‘செலவிட்டது’ என்பதற்கும் இடையிலே நிற்கிற தூரத்தை, சபைக் கூட்டத்துக்குப் போய்க் கேட்கிறவர்களே குறைக்க முடியும். நமது சங்கத்துச் செயற்குழு, ஒவ்வொரு தோட்டத்திலும் இலக்கமில்லாத வீடுகளைக் கணக்கெடுத்து ஒரு பட்டியல் செய்யலாமென்று யோசனை ஒன்று முன்வைக்கிறோம். கொப்பியும் பென்சிலும் இருந்தால் போதும், ஓ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கையருக்கு அந்த மூன்று மாதத்தில் வேறு வேலையும் இல்லை.

எமக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த கூட்டத்தில் நண்பர் ஒருவர் ‘எஸ்டேட்’ என்னும் சொல்லைப் பற்றிப் பேச இசைந்திருக்கிறார். எஸ்டேட்டும் ஸ்டேட்டும் ஒரே இலத்தீன் தாயின் பிள்ளைகள் என்பதை மட்டும் அவருக்கு முன்னதாகவே சொல்லிவிட்டோம், கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டியல் யோசனையைப் பற்றிக் கேட்க விரும்புவோர் தேநீர் வேளையில் எம்மையோ செயலாளரையோ காணலாம்.